இரும்பு அணைவுகளின் கிளர்வு நிலை ஆயுளை நீட்டித்தல்: புதிதாகத் தொடங்குபவருக்கான வழிகாட்டி

பருமனறி பகுப்பாய்வு செய்த வேதியியல் மாணவர் எவரும் ஃபெரோயின் காட்டியின் செந்நிறத்தை மறந்திருக்க மாட்டார். மூன்று ஃபினாந்த்ரோலின் மூலக்கூறுகள் ஒரு +2 இரும்பு அயனியைச் சூழ்ந்து நிற்கும் அந்த அணைவு, 510 நானோமீட்டர் அருகே பச்சை ஒளியை மிக வலுவாக உறிஞ்சுகிறது. ஒளியைப் பிடிக்கும் திறனில் அதற்கு ஒரு குறையும் இல்லை. பிடித்த ஒளியாற்றலை ஒரு வேதிவினைக்குக் கொடுக்கும் அளவுக்குக்கூட அதனால் வைத்திருக்க முடியவில்லை என்பதுதான் சிக்கல். இதே அமைப்புடைய ருத்தேனியம் பைபிரிடீன் அணைவு, ஆக்சிஜன் நீக்கிய அசிட்டோநைட்ரைலில் ஏறத்தாழ 900 நானோநொடி கிளர்வு நிலையில், அதாவது ஒளியால் ஆற்றல் ஏறிய நிலையில், நிற்கிறது; இரும்பு பைபிரிடீன் அணைவின் மின்சுமை மாற்ற நிலையோ 100 ஃபெம்டோநொடி அளவிலேயே மறைந்துவிடுகிறது (ஒரு நானோநொடி ஆயிரம் பிகோநொடி; ஒரு பிகோநொடி ஆயிரம் ஃபெம்டோநொடி). இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு கோடி மடங்கு வேறுபாடு.

புவி ஓட்டின் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் இரும்பு. ருத்தேனியமோ நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் கிடைக்கிறது. சூரிய மின்கலத்திலும் ஒளிவினையூக்கத்திலும் ருத்தேனியம், இரிடியம் இருக்கும் இடத்தில் இரும்பை வைக்க வேண்டும் என்ற முயற்சி இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. முதுநிலைப் படிப்பில் படிகப்புலக் கொள்கை வரை வந்துவிட்டு, இந்தத் துறையில் ஒரு மூலக்கூறைத் தாமே வடிவமைக்க விரும்பும் ஆய்வு மாணவரை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். படிகளின் வரிசை முக்கியம். நேராக ஆய்வகத்துக்குள் சென்று ஈனியை, அதாவது உலோகத்தைச் சூழ்ந்து பிணையும் மூலக்கூறை, தயாரிக்கத் தொடங்குபவர், பல மாதங்களுக்குப் பிறகு முதல் படிக்கே திரும்பி வர நேரிடும்.

முதல் படி: ஆற்றல் எந்த வழியாக ஒழுகுகிறது என்று பாருங்கள்

எண்முகி அணைவில் ஐந்து டி ஆர்பிட்டால்கள், கீழ்த்தட்டில் மூன்றாகவும் மேல்தட்டில் இரண்டாகவும் பிரிகின்றன. தாழ்சுழற்சி +2 இரும்பில் ஆறு டி எலக்ட்ரான்களும் கீழ்த்தட்டிலேயே இணைசேர்ந்து அமர்ந்திருக்கும். ஒளியை உறிஞ்சும்போது அவற்றில் ஒன்று ஈனியின் வெற்றுப் பை ஆர்பிட்டாலுக்குத் தாவுகிறது. இதுவே உலோகத்திலிருந்து ஈனிக்கு நிகழும் மின்சுமை மாற்றம்; எலக்ட்ரான் மூலக்கூறின் வெளிப்புறத்துக்கு வந்துவிடுவதால் அதை வேறொரு மூலக்கூறுக்கோ குறைக்கடத்திக்கோ கைமாற்ற முடிகிறது. நமக்குப் பயன்படும் நிலை இதுதான்.

ருத்தேனியத்தின் 4டி ஆர்பிட்டால்கள் வெளிநோக்கி நன்றாக விரிந்திருப்பதால் ஈனிகளோடு ஆழமாக மேற்பொருந்துகின்றன. மேல்தட்டு மிக உயரத்துக்குத் தள்ளப்படுகிறது. இரும்பின் 3டி ஆர்பிட்டால்கள் கருவை ஒட்டி ஒடுங்கியிருப்பதால், அதே ஈனிகள் உண்டாக்கும் பிளப்பு கணிசமாகக் குறைந்துவிடுகிறது. இதன் விளைவாக, மேல்தட்டில் எலக்ட்ரான் அமரும் உலோக மைய நிலைகள் மின்சுமை மாற்ற நிலைக்குக் கீழே வந்து நிற்கின்றன. மேல்தட்டு ஆர்பிட்டால்கள் எதிர்ப்பிணைப்புத் தன்மை உடையவை. அங்கே எலக்ட்ரான் போய்ச் சேர்ந்தவுடன் இரும்பு–நைட்ரஜன் பிணைப்புகள் நீளுகின்றன. இரண்டு எலக்ட்ரான்கள் சென்ற ஐந்துமடி (நான்கு எலக்ட்ரான்கள் இணைசேராத) உயர்சுழற்சி நிலையில் இந்த நீட்சி ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம். மின்சுமை பிரிந்த நிலை குலைந்து, ஆற்றல் அதிர்வாகவும் வெப்பமாகவும் கரைப்பானில் கலந்துவிடுகிறது.

இரும்பு பைபிரிடீனில் இந்தப் பாதையை ஆராய்ச்சியாளர்கள் மிக நுட்பமாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தை ஒட்டிய எக்ஸ்-கதிர் லேசரைக் கொண்டு 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஐந்துமடி நிலைக்குப் போகும் வழியில் ஒரு மும்மடி (இரண்டு எலக்ட்ரான்கள் இணைசேராத) உலோக மைய நிலை இடைத்தங்கலாக இருப்பதைக் காட்டியது. அந்த ஐந்துமடி நிலை நீரில் ஏறத்தாழ 650 பிகோநொடி நீடிக்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு அணைவில் ஏதோ ஒரு கிளர்வு நிலை நூற்றுக்கணக்கான பிகோநொடி நிற்பதில் வியப்பேதும் இல்லை. நிற்பது எந்த நிலை என்பதே கேள்வி. எட்டாம் படியில் இதற்கு மீண்டும் வருவோம்.

ஆகவே வடிவமைப்பாளரின் கையில் இருப்பவை மூன்று நெம்புகோல்கள். உலோக மைய நிலைகளை மேலே தள்ளலாம். மின்சுமை மாற்ற நிலையைக் கீழே இறக்கலாம். இரண்டுக்கும் இடையே கடக்க வேண்டிய வடிவ மாற்றத்தைக் கடினமாக்கலாம். எந்த நல்ல மூலக்கூறும் இவற்றில் ஒன்றை மட்டும் நம்பி உருவானதில்லை.

இரண்டாம் படி: எவ்வளவு நேரம் தேவை என்று கணக்கிடுங்கள்

‘நீண்ட ஆயுள்’ என்பதற்குத் தனியாகப் பொருள் இல்லை. நீங்கள் செய்யவிருக்கும் செயலின் வேகத்தோடு ஒப்பிட்டால்தான் அது நீண்டதா குறுகியதா என்று சொல்ல முடியும்.

கரைசலில் இரண்டு மூலக்கூறுகள் விரவி மோதி வினைபுரிய வேண்டும் என்று கொள்வோம். சாதாரண கரைப்பான்களில் விரவல் கட்டுப்படுத்தும் வேக மாறிலி, மோலார் செறிவுக்கு நொடிக்கு ஆயிரம் கோடி என்ற அளவில் இருக்கும். எலக்ட்ரானை வாங்கும் பொருள் 0.1 மோலார் செறிவில் இருந்தால், சராசரியாக ஒரு நானோநொடிக்கு ஒரு பயனுள்ள மோதல் நடக்கும். கிளர்வு நிலை 10 பிகோநொடி மட்டுமே நின்றால், நூற்றில் ஒரு மூலக்கூறுதான் வினைபுரியும். 2 நானோநொடி நின்றால் மூன்றில் இரண்டு பங்கு வினைபுரியும். ருத்தேனியத்தின் 900 நானோநொடி இருந்தால், 0.001 மோலார் செறிவே 90 சதவீதத்தைப் பிடிக்கப் போதும். இந்தச் சிறு கணக்கை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ஒவ்வொரு ஆயுட்கால எண்ணையும் எடைபோட அது உதவும்.

சாயமேற்றிய சூரிய மின்கலத்தில் கதை வேறு. அங்கே சாய மூலக்கூறு டைட்டானியம் டை ஆக்சைடின் பரப்பில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியால் ஏற்கெனவே கட்டப்பட்டிருப்பதால், விரவலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1998இலேயே ஃபெரேர், கிரெக் ஆகிய இருவரும் சயனைடு ஏந்திய ஓர் இரும்பு பைபிரிடீன் சாயம் டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் எலக்ட்ரானைச் செலுத்துவதைக் காட்டினர். ஆனால் விளைச்சல் மிகக் குறைவு. 2015இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய கார்பீன் (மூன்றாம் படியில் விளக்குகிறேன்) சாயம், எலக்ட்ரான் செலுத்தப்படாத அலுமினா பரப்பில் 37 பிகோநொடி நின்றது. டைட்டானியம் டை ஆக்சைடில் எலக்ட்ரான் செலுத்துதலுக்கு ஆன நேரம் 3.1 பிகோநொடி. இவ்விரண்டும் போட்டியிடும்போது செலுத்துதல் வெல்லும் பங்கு 92 சதவீதம். கரைசல் வினைக்குப் பயனற்ற ஓர் ஆயுட்காலம் பரப்பு வினைக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. எனவே, உங்கள் இலக்கு எது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

மூன்றாம் படி: ஈனியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் துறையின் திருப்புமுனை கார்பீன்தான். ஐந்து அணு வளையத்தில் இரண்டு நைட்ரஜன்களுக்கு இடையே நிற்கும் கார்பீன் கார்பன், தன் தனித்த எலக்ட்ரான் இணையைச் சிக்மா பிணைப்பாக உலோகத்துக்கு மிகத் தாராளமாக வழங்குகிறது. பிரிடீன் நைட்ரஜன் இந்த அளவுக்கு வழங்காது. சிக்மா வழங்கல் வலுக்க வலுக்க மேல்தட்டு ஆர்பிட்டால்கள் உயருகின்றன. அவற்றோடு சேர்ந்து உலோக மைய நிலைகளும் உயருகின்றன.

2013இல் லுண்ட் குழு, ஒரு பிரிடீனின் இருபுறமும் இமிடசோல் வகைக் கார்பீன்கள் கொண்ட ஈனிகள் இரண்டை இரும்போடு இணைத்தபோது மின்சுமை மாற்ற நிலை 9 பிகோநொடி நின்றது. 9 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம், பைபிரிடீனின் 0.1 பிகோநொடியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நூறு மடங்கு. பிரான்சின் நான்சி நகரிலுள்ள குழு, கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி சேர்த்தும் கார்பீன் வளையத்தை பென்ஸ்இமிடசோலாக விரித்தும் இதை 16, 26 பிகோநொடி என்று உயர்த்தியது. பிரிடீனில் எலக்ட்ரான் கவரும் தொகுதியை வைப்பதால் ஈனியின் பை ஆர்பிட்டால் தாழ்கிறது. மின்சுமை மாற்ற நிலையும் தாழ்கிறது. இரண்டாவது நெம்புகோல் வேலை செய்யும் விதம் இதுதான்.

அடுத்த கேள்வி, ஆறு இணைப்பிடங்களையும் கார்பீனாலேயே நிரப்பினால் என்ன என்பது. டிரையசோல் வளையத்திலிருந்து கிடைக்கும் மீசோஅயனிக் கார்பீன்கள் இமிடசோல் வகையைவிடவும் வலிமையான வழங்கிகள். அதே நேரத்தில் ஓரளவு பை ஏற்பும் உடையவை. இரண்டு டிரையசோல் வளையங்கள் இணைந்த ஈனிகள் மூன்று சூழ்ந்த +2 இரும்பு அணைவு, 528 பிகோநொடி மின்சுமை மாற்ற நிலையில் நிற்பதை 2018இல் அதே லுண்ட் குழு அறிவித்தது.

இங்கே ஒரு விலை இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். எலக்ட்ரானை அவ்வளவு தாராளமாக உலோகத்தின் மீது குவித்தால், உலோகம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். மேற்சொன்ன டிரையசோல் அணைவில் +3, +2 நிலைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் ஒப்பீட்டு அளவுகோலான ஃபெரோசீனைவிட அரை வோல்ட்டுக்கும் மேல் எதிர்மறையாக இருக்கிறது. அதாவது திறந்த காற்றில் அது +3 நிலையையே விரும்பும். சாயமாகப் பயன்படுத்தினால், ஆக்சிஜனேற்றம் அடைந்த சாயத்தை மின்பகுளியில் உள்ள அயோடைடால் மீட்க முடியாது. ஆயுளை மட்டும் பார்த்து ஈனியைத் தேர்ந்தெடுத்தால் மின்னழுத்தம் கைவிட்டுப் போகும். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த பத்திகளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

எதிர்த்திசையில் செல்லும் ஒரு வழியையும் குறிப்பிட வேண்டும். டெர்பிரிடீனின் இரு முனைகளிலும் குளோரின், புரோமின் போன்ற பெரிய அணுக்களைப் பொருத்தினால், அவற்றின் நெருக்கடியால் ஈனிப்புலம் வலுவிழந்து, அடிநிலையே உயர்சுழற்சி நிலையாகிவிடும். அப்போது மின்சுமை மாற்ற நிலையும் அதே சுழற்சிக் குடும்பத்தைச் சேர்ந்திருப்பதால், கீழே விழும் வழிகள் குறைகின்றன. கொலராடோவில் செய்யப்பட்ட இந்த ஆய்வில் ஏறத்தாழ 15 பிகோநொடி கிடைத்தது. அழகான சிந்தனைதான். ஆனால் முதல் மூலக்கூறைச் செய்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இத்தகைய அணைவுகளில் ஈனிகள் கரைசலில் எளிதாகக் கழன்றுகொள்ளும்.

நான்காம் படி: வடிவத்தைச் செம்மையாக்குங்கள்

வலுவான வழங்கியும் தவறான கோணத்தில் நின்றால் பயனில்லை. மேல்தட்டு ஆர்பிட்டால்கள் அச்சுகளின் மீது நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஈனி அணு அதே அச்சில் நேராக வரும்போதுதான் மேற்பொருந்தல் முழுமையடையும். டெர்பிரிடீன் போன்று ஐந்து அணுக் கொடுக்கிணைப்பு வளையங்களை உருவாக்கும் ஈனிகளில், எதிரெதிர் முனை அணுக்களுக்கு இடையிலான கோணம் 180 பாகைக்குப் பதிலாக 160 பாகைக்கு அருகில்தான் இருக்கும். மேலே சொன்ன பிரிடீன் கார்பீன் சாயங்களிலும் இதே குறை உண்டு. பிரிடீன்களுக்கு இடையே ஒரு கார்போனைல் தொகுதியை வைத்து ஆறு அணு வளையமாக்கினால், கோணம் 180 பாகையை நெருங்கும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெக்கஸ்கர் குழு இந்த வழியில் மிக வலிமையான ஈனிப்புலத்தைப் பெற்றது.

விறைப்பும் இதே அளவு முக்கியமானது. ஆற்றல் ஒழுக வேண்டுமென்றால் பிணைப்புகள் நீள வேண்டும், வளையங்கள் முறுக வேண்டும். அந்த அசைவுகளைக் கட்டிப்போட்டால் ஒழுக்கு மெதுவாகும். இதை மிகத் தெளிவாக நிறுவிய சோதனை, மெக்கஸ்கர் குழு 2020இல் வெளியிட்டது. கிளர்வு நிலை சிதையும் அந்தக் கண நேரத்தில் எந்த அதிர்வுகள் ஒத்திசைவோடு தோன்றுகின்றன என்று முதலில் அளந்தார்கள். பிறகு, அந்த அதிர்வுகளில் பங்குபெறும் அணுக்களை இரண்டு தாமிர அயனிகளால் கூண்டுபோல் பூட்டினார்கள். 110 ஃபெம்டோநொடியாக இருந்த ஆயுள் 2.6 பிகோநொடியானது. ஈனிப்புலத்தைப் பெரிதும் மாற்றாமல், அசைவைத் தடுத்ததாலேயே இருபது மடங்குக்கு மேல் கிடைத்தது. எண்ணிக்கையைவிட அந்த முறையையே நான் மதிக்கிறேன். எந்த அசைவு குற்றவாளி என்று அளந்தறிந்த பிறகு பூட்டுவதும், கண்ணை மூடிக்கொண்டு பருமனான தொகுதிகளை ஒட்டிப் பார்ப்பதும் ஒன்றல்ல.

ஐந்தாம் படி: +2 இரும்பா, +3 இரும்பா என்று முடிவுசெய்யுங்கள்

நீண்ட காலம் எல்லோரும் +2 இரும்பையே துரத்தினார்கள், ருத்தேனியம் +2 நிலையில் இருப்பதால். 2017இல் லுண்ட் குழு வேறொரு கதவைத் திறந்தது. டிரையசோல் கார்பீன் அணைவைக் +3 நிலையில் வைத்து ஒளியூட்டியபோது அது அறை வெப்பநிலையிலேயே 600 நானோமீட்டர் அருகே ஒளியை உமிழ்ந்தது. ஆயுள் 100 பிகோநொடி. இரும்பு அணைவு ஒளிர்வதா என்று அந்த நேரத்தில் பலரும் வியந்தார்கள்.

காரணம் புரிந்துகொள்ளத்தக்கது. தாழ்சுழற்சி +3 இரும்பில் ஐந்து டி எலக்ட்ரான்கள் இருப்பதால், கீழ்த்தட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஈனியிலிருந்து ஓர் எலக்ட்ரான் அந்தக் காலியிடத்துக்கு வருவதுதான் இங்கே நடக்கும் மின்சுமை மாற்றம்; திசை தலைகீழ். எலக்ட்ரான் கீழ்த்தட்டுக்கே வருவதால் பிணைப்பு நீளம் பெரிதாக மாறுவதில்லை. அடிநிலையும் கிளர்வு நிலையும் ஒரே இருமடிச் சுழற்சி உடையவை என்பதால், ஒளி உமிழ்வு சுழற்சி விதிப்படி அனுமதிக்கப்பட்டதாகிறது.

2019இல் அதே குழு, போரான் அணுவோடு மூன்று இமிடசோல் கார்பீன்கள் இணைந்த, முக்காலி போன்ற எதிர்மின்சுமை ஈனிகள் இரண்டைக் கொண்டு +3 இரும்பைச் சூழ்ந்தது. ஆறு கார்பீன்களும் அச்சுகளின் மீது ஏறத்தாழ நேராக நிற்கின்றன, கூண்டு விறைப்பானது, வழங்கல் மிக வலிமையானது. 502 நானோமீட்டரில் உறிஞ்சி, 655 நானோமீட்டரில் உமிழ்ந்து, 2 நானோநொடி நின்றது அந்த அணைவு. உமிழ்வுக் குவாண்டம் விளைச்சல் 2 சதவீதம். இந்த இரு எண்களிலிருந்தே ஒரு செய்தியைப் பிழிந்தெடுக்கலாம்: விளைச்சலை ஆயுளால் வகுத்தால், கதிர்வீச்சு வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி. ருத்தேனியம் பைபிரிடீனுக்கு அது ஒரு லட்சம்தான். சுழற்சித் தடை இல்லாததன் பலன் இந்த நூறு மடங்கில் தெரிகிறது. கூடவே, இந்த வழியில் ஆயுள் மைக்ரோநொடியைத் தொடுவது ஏன் கடினம் என்பதும் தெரிகிறது. கதிர்வீச்சு மட்டுமே மிஞ்சினாலும் ஆயுள் 100 நானோநொடி அளவைத் தாண்டாது.

இந்த அணைவின் மின்னழுத்தங்களும் ஈர்ப்பானவை. ஃபெரோசீனுக்கு எதிராக +3/+2 இணை −1.16 வோல்ட், +4/+3 இணை 0.25 வோல்ட். கிளர்வு ஆற்றலை ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக் கூட்டிக் கழித்தால், கிளர்வு நிலையில் அது ஏறத்தாழ 1 வோல்ட் அளவு ஆக்சிஜனேற்றியாகவும், −1.9 வோல்ட் அளவு ஒடுக்கியாகவும் செயல்பட முடியும். டைஃபீனைல் அமீனிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கவும் மெத்தில் வயலஜனுக்குக் கொடுக்கவும் ஒரே மூலக்கூறால் முடிந்தது. கரைசல் ஒளிவினையூக்கம் உங்கள் இலக்கு என்றால், +3 இரும்பிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை.

ஆறாம் படி: செய்வதற்கு முன் கணக்கிட்டுப் பாருங்கள்

நான்கைந்து ஈனி வடிவங்களைக் காகிதத்தில் வரைந்த பிறகு டி.எஃப்.டி (எலக்ட்ரான் அடர்த்திச் சார்பியக் கொள்கை) கணக்கீட்டுக்குப் போகலாம். முதலில் அடிநிலை, மின்சுமை மாற்ற நிலை, மும்மடி அல்லது நான்மடி உலோக மைய நிலை, ஐந்துமடி அல்லது ஆறுமடி உலோக மைய நிலை ஆகிய ஒவ்வொன்றின் வடிவத்தையும் தனித்தனியே சீராக்குங்கள். அடுத்து, இரும்பு–ஈனி பிணைப்பு நீளத்தைக் கிடைமட்ட அச்சிலும் ஆற்றலைச் செங்குத்து அச்சிலும் வைத்து வளைவுகளை வரையுங்கள். உறிஞ்சும் புள்ளியில் எது மேலே, எது கீழே என்பதைவிட, வளைவுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன, அந்த வெட்டுப்புள்ளிக்கு ஏற எவ்வளவு தடை இருக்கிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கும்.

ஓர் எச்சரிக்கை. சுழற்சி நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாடு, அந்தக் கணக்கீட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் சார்பியத்தில் எத்தனை சதவீதம் ஹார்ட்ரீ–ஃபாக் பரிமாற்றம் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறும். 20 சதவீதம் கலந்த பி3எல்ஒய்பி என்ற சார்பியம் உயர்சுழற்சி நிலையை அளவுக்கு மீறி ஆதரிப்பதால், அதை 15 சதவீதமாகக் குறைத்த வடிவத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆகவே ஒரு மூலக்கூறுக்குக் கிடைக்கும் தனி எண்ணை நம்பாதீர்கள். ஆயுள் ஏற்கெனவே அளக்கப்பட்ட இரண்டு மூன்று அணைவுகளை அதே முறையில் கணக்கிட்டு, உங்கள் மூலக்கூறு அவற்றுக்கு இடையே எங்கே வந்து அமர்கிறது என்று பாருங்கள்.

ஏழாம் படி: தயாரித்துத் தூய்மையாக்குங்கள்

பொதுவான பாதை எளியது. கார்பீன் தனியே கையாளக் கடினமானது என்பதால், அதன் புரோட்டான் ஏறிய வடிவமான இமிடசோலியம் அல்லது டிரையசோலியம் உப்பைச் செய்து சேமித்துக்கொள்கிறோம். ஈரமற்ற டெட்ராஹைட்ரோஃபியூரானில், ஆக்சிஜன் இல்லாத சூழலில், பொட்டாசியம் டெர்ஷியரி பியூட்டாக்சைடு போன்ற வலிமையான காரத்தால் புரோட்டானை நீக்கி, நீரற்ற இரும்பு டைகுளோரைடு அல்லது டைபுரோமைடைச் சேர்க்கிறோம். விளைபொருளை ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் உப்பாக வீழ்படிவாக்குகிறோம்.

தவறுகள் எப்போதும் நீரிலிருந்தே தொடங்கும். ஈனி உப்பில் நீரேற்றம் மிஞ்சியிருந்தால் காரம் அதற்கே செலவாகிவிடும். குளோரைடு எதிரயனி ஈரத்தை எளிதில் இழுக்கும் என்பதால், வினைக்கு முன்பே எதிரயனியை மாற்றி வெற்றிடத்தில் நன்றாக உலர்த்துங்கள். எனது தொடக்க முயற்சிகளில் பழுப்புக் குழம்பு மட்டுமே திரும்பத் திரும்பக் கிடைத்தது; உப்பை இரண்டு நாள் கூடுதலாக உலர்த்தியதும் அதே செய்முறை அடர் சிவப்புப் படிகத்தைக் கொடுத்தது. +3 அணைவு தேவையென்றால் ஆக்சிஜனேற்றத்தைக் கடைசியில் தனிப் படியாகச் செய்யுங்கள்.

+2 தாழ்சுழற்சி அணைவு காந்தத்தால் ஈர்க்கப்படாதது. அதன் புரோட்டான் என்.எம்.ஆர் நிறமாலை கூர்மையாக வர வேண்டும். கோடுகள் அகன்றிருந்தால், +3 இரும்போ உயர்சுழற்சி மாசோ கலந்திருக்கிறது என்று பொருள். படிக அமைப்பில் பிணைப்பு நீளத்தைப் பாருங்கள். தனிமப் பகுப்பாய்வை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

எட்டாம் படி: எந்த நிலையின் ஆயுளை அளந்தீர்கள் என்று நிறுவுங்கள்

ஃபெம்டோநொடி லேசரால் ஒரு துடிப்பில் கிளர்த்தி, தாமதித்து வரும் மற்றொரு துடிப்பால் உறிஞ்சலை அளக்கும் பம்ப்–புரோப் முறைதான் இங்கே அடிப்படைக் கருவி. அந்தக் கருவி உள்ள இடத்துக்கு மாதிரியோடு போவதற்கு முன், உங்கள் ஆய்வகத்திலேயே நிறமாலை மின்வேதியியல் அளவீட்டைச் செய்துவிடுங்கள். அணைவை மின்முனையில் ஒருமுறை ஆக்சிஜனேற்றி நிறமாலையை எடுங்கள். ஒருமுறை ஒடுக்கி எடுங்கள். உலோகத்திலிருந்து ஈனிக்கு மின்சுமை மாறிய நிலை என்பது, ஆக்சிஜனேற்றம் அடைந்த உலோகமும் ஒடுக்கப்பட்ட ஈனியும் ஒன்றாக இருப்பது போன்றது. எனவே இந்த இரு மாற்றங்களின் கூட்டுத்தொகை, பம்ப்–புரோப் நிறமாலையின் முன்மாதிரியாக அமையும்.

ஒடுக்கப்பட்ட பைபிரிடீன் 370 நானோமீட்டர் அருகிலும் சிவப்புப் பகுதியிலும் தனக்கே உரிய உறிஞ்சலைக் காட்டும். அந்த அடையாளம் முதல் பிகோநொடிக்குள் மறைந்துவிட்டு, அடிநிலை உறிஞ்சலின் இழப்பு மட்டும் நூற்றுக்கணக்கான பிகோநொடி தொடர்ந்தால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது உலோக மைய நிலை. இந்தப் பிழையால் ‘நீண்ட ஆயுள்’ என்று மகிழ்ந்து, பின்னர் விளக்கத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தவர்கள் இத்துறையில் உண்டு. முதல் படியில் சொன்ன 650 பிகோநொடியை நினைவில் கொள்ளுங்கள்.

ஒளி உமிழ்வு தெரிந்தால் இன்னும் கூடுதலான ஐயத்தோடு நடந்துகொள்ள வேண்டும். இரும்பின் உமிழ்வு மிக மங்கலானது. ஆயிரத்தில் ஒரு பங்கு தனி ஈனி மாசு இருந்தாலே அது இரும்பின் ஒளியை மூழ்கடித்துவிடும். கிளர்த்தும் அலைநீளத்தை 10 நானோமீட்டர் நகர்த்துங்கள். உமிழ்வு முகடும் கூடவே நகர்ந்தால் அது கரைப்பானின் ராமன் சிதறல். கிளர்வு நிறமாலையை உறிஞ்சல் நிறமாலையின் மீது வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஒளிர்வது வேறு ஏதோ ஒன்று. பம்ப்–புரோப் முறையில் கிடைத்த ஆயுளும் உமிழ்வு ஆயுளும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஜெர்மனியின் பாடர்போர்ன் குழு 2023இல் வெளியிட்ட +3 இரும்பு அணைவு, நீலத்திலும் சிவப்பின் விளிம்பிலும் என இரண்டு இடங்களில் ஒளிர்ந்தது. நீல ஒளி என்றாலே ஈனி மாசு என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணத்தைத் தகர்க்கும் அளவுக்குச் சான்று சேர்த்த பிறகே இப்படிப்பட்ட கூற்றை வெளியிட முடியும்.

ஒன்பதாம் படி: பயன்பாட்டில் சோதியுங்கள்

தணிப்பானின் (கிளர்வு நிலையோடு வினைபுரிந்து அதை அணைக்கும் பொருள்) செறிவைப் படிப்படியாக உயர்த்தி, ஆயுள் குறைவதை ஸ்டெர்ன்–வால்மர் வரைபடமாக எழுதுங்கள். நானோநொடி ஆயுளுக்கு அதிகச் செறிவு தேவைப்படுவதால், அந்தச் செறிவில் தணிப்பானே ஒளியை உறிஞ்சவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வரைபடம் நேர்கோடாக வந்துவிட்டது என்று நின்றுவிடக் கூடாது. எலக்ட்ரான் கைமாறிய பிறகு இரு மூலக்கூறுகளும் ஒரே கரைப்பான் கூண்டுக்குள் இருக்கும். அவை பிரிந்து வெளியேறுவதற்கு முன்பே எலக்ட்ரான் திரும்பிவிட்டால் ஒளியாற்றல் மீண்டும் வீணாகும். இருமடி நிலையிலுள்ள +3 இரும்பில், இந்தத் திரும்புதலைத் தடுக்கும் சுழற்சித் தடை இல்லை; உமிழ்வுக்கு உதவிய அதே பண்பு இங்கே எதிராக நிற்கிறது. கூண்டிலிருந்து தப்பும் பங்கை, நானோநொடி லேசர் அளவீட்டில் பிரிந்த அயனிகளின் உறிஞ்சலைக் கொண்டு அளக்கலாம். தணிப்பானையும் கரைப்பானையும் மாற்றும்போது இந்தப் பங்கு எப்படி மாறுகிறது என்று ஒரு வரிசையாக அளந்து வையுங்கள். ஆயுளை இரட்டிப்பாக்க ஓர் ஆண்டு உழைப்பதைவிட, கரைப்பானை மாற்றியதால் அதிகம் கிடைப்பதும் உண்டு.

இறுதியாக, ஒளிவினையூக்கத்தில் கட்டுப்பாட்டுச் சோதனைகள். இருளில் ஒரு குடுவை, அணைவு இல்லாமல் ஒரு குடுவை, ஈனி மட்டும் சேர்த்த ஒன்று, அதே அளவு எளிய இரும்பு உப்பு மட்டும் சேர்த்த ஒன்று என நான்கையும் அதே விளக்கின் கீழ் அதே நேரம் வையுங்கள். மெக்கஸ்கர் குழு 2020இல் காட்டியபடி, மின்சுமை மாற்ற நிலை மறைந்த பிறகு எஞ்சும் உலோக மைய நிலையும் சில வினைகளில் எலக்ட்ரான் மாற்றத்தைச் செய்ய முடியும். எனவே வினை நடந்தது என்பதனாலேயே உங்கள் நீண்ட ஆயுள் நிலைதான் அதைச் செய்தது என்று எழுத முடியாது. வினை முடிந்ததும் குடுவையின் உறிஞ்சல் நிறமாலையை மறுபடி எடுத்து, தொடக்க நிறமாலையின் மீது வைத்துப் பாருங்கள். முகடு அதே உயரத்தில் இருந்தால் அணைவு பிழைத்திருக்கிறது. பாதியாகக் குறைந்திருந்தால், ஈனி கழன்ற இரும்பு எவ்வளவு வேலையைச் செய்தது என்பதை நான்காவது குடுவையிலிருந்து கணக்கிட்டுக் கழித்துவிட்டு, மீதியை மட்டும் உங்கள் மூலக்கூறின் கணக்கில் எழுதுங்கள்.